குடியுரிமைச் சான்றிதழ் தொலைந்தால் செய்ய வேண்டியவை

(நகரசபை நூலகத்தில் நடைபெற்ற தமிழ் முதியோர் சந்திப்பில், நகரசபையின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நாம் இன்று கூடியிருக்கும் இந்நிலத்தின் மரபுவழிக் காவலர்களான தாருக் மக்களுக்கும் அவர்தம் மூத்தோருக்கும் முதற்கண் என் மதிப்பைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆஸ்திரேலியக் குடியுரிமைச் சான்றிதழைத் தொலைத்தவர்களும், அது கிழிந்தோ நனைந்தோ பழுதாகிவிட்டவர்களும் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பொருள். இதில் பதற்றத்துக்கு இடமில்லை, தாமதத்துக்கும் இடமில்லை. இவ்விரண்டையும் விளக்குவதே என் நோக்கம்.

சான்றிதழை வழங்குபவர் யார்?

நகரசபைக்கு வரும் தமிழர்கள் பலர் என்னிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு. "நகர முதல்வர் கையால்தானே சான்றிதழை வாங்கினேன். அது தொலைந்துவிட்டது. இன்னொரு பிரதி தரமாட்டீர்களா?" வினா நியாயமானதே. பாடியது இந்த மண்டபத்தில். உறுதிமொழி எடுத்தது இந்த மேடையில். நிழற்படம் எடுத்துக்கொண்டதும் நகர முதல்வருடன்தான். ஆயினும் நகரசபை அந்த விழாவை நடத்திக் கொடுக்கும் இடம் மட்டுமே. சான்றிதழை அச்சிட்டு அனுப்புவதும், அதன் பதிவைப் பேணுவதும், மாற்றுச் சான்றிதழ் வழங்குவதும் கூட்டாட்சி அரசின் உள்துறைத் திணைக்களத்தின் பணிகள். எனவே மாற்றுச் சான்றிதழுக்கு நகரசபையில் விண்ணப்பிக்க முடியாது. இதை அறியாமல் ஒரு நாளை வீணாக்கி வருவோரைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

உரிமை வேறு, சான்று வேறு

சட்டம் பயின்றவன் என்ற முறையில் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். குடியுரிமை என்பது ஒரு சட்ட நிலை. சான்றிதழ் அந்த நிலைக்கான அத்தாட்சி. இப்போது நடைமுறையிலுள்ள ஆஸ்திரேலியக் குடியுரிமைச் சட்டம் 2007-ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு ஜூலை 1 முதல் செயற்படுகிறது. விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின், நம்மில் பெரும்பாலோர் விழா மேடையில் உறுதிமொழியைச் சொல்லி முடித்த அந்த நாளிலேயே குடிமக்களாகினோம். நம்மைக் குடிமக்களாக்கியது நாம் உரைத்த சொல். கையில் தந்த தாள், அது நிகழ்ந்தது என்பதற்குச் சாட்சி.

ஆகவே சான்றிதழ் எரிந்தாலும், வெள்ளத்தில் போனாலும், கறையான் அரித்தாலும் உங்கள் குடியுரிமை அப்படியே இருக்கிறது. வாக்களிக்கும் உரிமையும் கடமையும் தொடர்கின்றன. குடியுரிமையை மீண்டும் விண்ணப்பித்துப் பெற வேண்டியதில்லை. தேர்வு எழுத வேண்டியதில்லை. மறுபடி உறுதிமொழி எடுக்க வேண்டியதும் இல்லை. முதியவர் சிலர் "மறுபடியும் ஆங்கிலத்தில் பரீட்சை வைப்பார்களோ" என்று அஞ்சி, ஆண்டுக்கணக்கில் இதைப் பிள்ளைகளிடமே மறைத்து வைத்திருக்கிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. அதே சட்டத்தின் 37-ஆம் பிரிவு, தம் குடியுரிமைக்கான அத்தாட்சியைக் கேட்டு எவரும் விண்ணப்பிக்க வழி செய்கிறது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் மறக்கலாகாது. அத்தாட்சி இல்லாத உரிமை, தேவைப்படும் நேரத்தில் கைக்கு எட்டாது. இந்தப் பாடத்தை நம் இனத்தைப் போல் துயரத்தோடு கற்றவர்கள் சிலரே. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், ஒருவர் தம் தந்தை இலங்கையில் பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் அங்கே பிறந்தனர் என்றோ காட்டுமாறு கேட்டது. தோட்டத்து லயன்களில் பிறந்து வளர்ந்த மலையகத் தமிழர் பல இலட்சம் பேர் அதனால் நாடற்றவர் ஆயினர். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. அவர்களில் எஞ்சியோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை முழு விடிவு கிட்டவில்லை. அந்த வரலாற்றிலிருந்து வந்த குடும்பங்கள் இந்த மண்டபத்திலும் இருக்கலாம். அங்கே சட்டமே உரிமையை மறுத்தது. இங்கே சட்டம் உரிமையைத் தந்துவிட்டது. நாம் செய்ய வேண்டியது அதன் சான்றைக் கையில் வைத்திருப்பது மட்டுமே.

ஏன் தள்ளிப்போடலாகாது?

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒரு நிலைமையைச் சொல்கிறேன். எழுபது வயதைக் கடந்த ஒரு தாயார். பிள்ளைகளின் அனுசரணையில் வந்து, இங்கேயே குடியுரிமை பெற்றவர். ஊருக்குத் திரும்பிப் போனதில்லை. ஆகவே ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு ஒருமுறையும் எடுத்ததில்லை. வீடு மாறியபோது குடியுரிமைச் சான்றிதழ் தவறிவிட்டது. மெடிகெயார் அட்டை இருந்தது, ஓய்வூதியம் வந்தது, யாரும் சான்றிதழைக் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தங்கை கடுஞ்சுகவீனம் என்று ஒரு நாள் தொலைபேசி வந்தது. அன்றுதான் சான்றிதழைத் தேடினார்கள்.

கடவுச்சீட்டை விரைவாகப் பெற மேலதிகக் கட்டணத்தில் முன்னுரிமைச் சேவை உண்டு. ஆனால் அந்தச் சேவை தேவையான ஆவணங்கள் யாவும் கையில் உள்ளவருக்கே பயன்படும். முதலில் குடியுரிமைக்கான அத்தாட்சி வேண்டும். அது வருவதற்கு வாரங்கள் ஆகலாம். தங்கையின் இறுதிக் கிரியைக்கும் அந்தத் தாயார் போகவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் போகவில்லை. அவருடைய குடியுரிமையில் ஒரு குறையும் இருக்கவில்லை. சான்று மட்டுமே இல்லை.

கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நிலைமை சற்று இலகு. வயது வந்தவராக எடுத்த கடவுச்சீட்டு செல்லுபடியாக இருந்தாலோ, காலாவதியாகி மூன்று ஆண்டுக்குள் இருந்தாலோ, பெரும்பாலும் எளிய முறையில் புதுப்பிக்கலாம். ஆகவே கடவுச்சீட்டைக் காலாவதியாகவிட்டு மறந்துவிடாதீர்கள். பயணம் செய்யும் எண்ணம் இல்லாத முதியவர்களே இதில் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள்.

அடுத்தது பிள்ளைகள். இங்கே பிறந்த குழந்தை பிறப்பினாலேயே ஆஸ்திரேலியக் குடிமகன் என்று பலர் நினைக்கிறார்கள். 1986 ஆகஸ்ட் 20-ஆம் நாள் முதல் அந்த நிலை மாறிவிட்டது. அந்நாளிலோ அதன் பின்னரோ இங்கே பிறந்தவர், பிறக்கும்போது தாய் தந்தையருள் ஒருவராவது ஆஸ்திரேலியக் குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை உடையவராகவோ இருந்தால்தான் பிறப்பினால் குடிமகன் ஆவார். இல்லையேல், பத்து வயது வரை இங்கேயே வழமையாக வாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் மகனோ மகளோ முதற்கடவுச்சீட்டு எடுக்கும்போது அவர்களது பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. உங்கள் நிலைக்கான சான்றும் தேவைப்படும். தந்தையின் சான்றிதழ் தொலைந்தால் மகளின் பள்ளிச் சுற்றுலாவும் தடைப்படலாம். பிள்ளை பிறந்தபோது நீங்கள் நிரந்தர வதிவிட உரிமையுடன் மட்டும் இருந்திருந்தால், அந்த விசா ஒட்டிய பழைய இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பெற்றோருடன் சேர்ந்து சிறு வயதில் குடியுரிமை பெற்ற பிள்ளைகளின் பெயர், பெற்றோரின் சான்றிதழின் பின்புறத்தில் எழுதப்பட்டிருக்கும். அச்சான்றிதழ் தொலைந்தால் அப்பிள்ளைகளின் சான்றும் அதனுடன் தொலைகிறது. அவர்கள் வளர்ந்து தனிக் குடும்பமாகிவிட்டாலும், தம் பெயரில் தனி அத்தாட்சி கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்து வைத்துக்கொள்வது நன்று.

இந்தியாவிலிருந்து வந்தோர் ஓசிஐ அட்டைக்கும், இலங்கையிலிருந்து வந்தோர் இரட்டைக் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும்போதும் ஆஸ்திரேலியக் குடியுரிமைச் சான்றிதழ் கேட்கப்படும். ஊரில் காணி, வீடு, மரபுரிமை பற்றிய அலுவல் உள்ளவர்கள் இதை மனத்திற் கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும் முறை

மாற்றுச் சான்றிதழுக்கான விண்ணப்பம் "ஆஸ்திரேலியக் குடியுரிமைக்கான அத்தாட்சி கோரும் விண்ணப்பம்" எனப்படும். உள்துறைத் திணைக்களத்தின் இணையக் கணக்கான இம்மி அக்கவுண்ட் வழியாக விண்ணப்பிக்கலாம். தாளில் நிரப்புவோருக்கு 119-ஆம் இலக்கப் படிவம் உண்டு. கட்டணம் செலுத்த வேண்டும். திணைக்களக் கட்டணங்கள் பொதுவாக ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1-ஆம் நாள் மாறுவதால், நான் இங்கே தொகை சொல்வதைவிட, விண்ணப்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்வதே சரி.

விண்ணப்பத்துடன் காட்ட வேண்டியவை இவை. உங்கள் பிறப்புப் பெயர், பிறந்த தேதி, பால் ஆகியவற்றைக் காட்டும் ஆவணம். உங்கள் நிழற்படத்தையும் கையொப்பத்தையும் காட்டும் ஆவணம். தற்போதைய முகவரியைக் காட்டும் ஆவணம். பிறப்புச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம், மின்கட்டணச் சீட்டு போன்றவை பொதுவாக இதற்குப் பயன்படும். சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத முதியவர்கள் மாநில அரசு வழங்கும் நிழற்பட அட்டையை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு அடையாள உறுதிப் படிவம் ஒன்று தேவை. அதன் இலக்கம் 1195. உங்களை ஓராண்டுக்குக் குறையாமல் அறிந்த ஆஸ்திரேலியக் குடிமகன் ஒருவர் அதை நிரப்பி, உங்கள் கடவுச்சீட்டு அளவு நிழற்படத்தின் பின்புறத்திலும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவர் உங்கள் உறவினராகவோ ஒரே முகவரியில் வசிப்பவராகவோ இருக்கக் கூடாது. திணைக்களம் குறிப்பிடும் தொழில்களுள் ஒன்றைச் செய்பவராக இருக்க வேண்டும்: மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளர், வழக்கறிஞர், முழுநேர ஆசிரியர், சமாதான நீதவான் போன்றோர். "எனக்கு அப்படி யாரையும் தெரியாதே" என்பார் சிலர். ஆண்டுக்கணக்கில் மருந்து வாங்கும் கடையின் மருந்தாளர் உங்களை அறிவார். குடும்ப மருத்துவர் அறிவார். தயங்காது கேளுங்கள்.

தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சேர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பவர் நாட்டி அங்கீகாரம் பெற்றவராக இருத்தல் வேண்டும். மருமகளோ பேரனோ நன்றாக மொழிபெயர்த்தாலும் அது ஏற்கப்படாது. மூல ஆவணங்களின் பிரதிகளைச் சான்றுப்படுத்த வேண்டுமாயின் சமாதான நீதவானிடம் செல்லுங்கள். நூலகங்கள் பலவற்றில் அவர்கள் குறிப்பிட்ட நேரங்களில் இருப்பார்கள்; அச்சேவைக்குக் கட்டணம் இல்லை.

இந்த விண்ணப்பத்துக்கு முகவர் எவரும் தேவையில்லை. "எனக்குத் திணைக்களத்தில் ஆள் இருக்கிறது, விரைவில் எடுத்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். உங்கள் ஆவணங்களின் படங்களை வாட்ஸ்அப்பில் அறிமுகமற்றோருக்கு அனுப்பாதீர்கள்.

பெயரும் பிறந்த தேதியும்

தமிழர்களுக்கு வரும் தனிச் சிக்கல் பெயர். தந்தை பெயர் முதலெழுத்தாக இருந்த இடத்தில் குடும்பப் பெயராகிவிடும். திருமணத்துக்குப் பின் கணவர் பெயர் சேரும். ஓர் ஆவணத்தில் "சிவ" என்பது ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கும். விண்ணப்பத்தைப் பார்க்கும் அலுவலர் இவற்றை இரு வேறு நபர்களின் பெயர்களாகக் கருதக்கூடும். ஆகவே நீங்கள் இதுவரை பயன்படுத்திய பெயர்கள் அனைத்தையும் படிவத்தில் விடாமல் எழுதுங்கள். ஒரு பெயரிலிருந்து மற்றொன்றுக்கு மாறியதைக் காட்டும் திருமணச் சான்றிதழையோ பெயர்மாற்றச் சான்றிதழையோ இணையுங்கள். தமிழ்ப் பெயரிடும் வழக்கத்தை விளக்கி நான்கு வரியில் ஒரு கடிதமும் சேர்த்தால் பயன் உண்டு.

தொலைந்த சான்றிதழில் இருந்த பெயரிலோ பிறந்த தேதியிலோ பிழை இருந்தது என்று கருதுவோர், அதைத் திருத்துவது மாற்றுச் சான்றிதழ் பெறுவதைவிடக் கடினமானது என்பதை அறிய வேண்டும். அதற்குத் தனிச் சான்றுகள் கேட்கப்படும். முக்கியமாகப் பிறந்த தேதியை மாற்றுவது எளிதன்று. ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது கூட்டியோ குறைத்தோ எழுதிய தேதி என்றால், உண்மையை உள்ளபடி எழுதுங்கள். பொய்க்கூற்று சட்டப்படி குற்றம். போரிலும் இடப்பெயர்விலும் பிறப்புச் சான்றிதழை இழந்தவர்கள், அது ஏன் இல்லை என்பதை எழுதி, உள்ள வேறு ஆவணங்களைச் சேர்க்க வேண்டும். இயலாதவற்றைக் கற்பனை செய்து நிரப்பக் கூடாது.

பழுதானவை, வெள்ளத்தில் போனவை, களவு போனவை

சான்றிதழ் கிழிந்தோ மை பரவியோ இருந்தால் அதை ஒட்டுத்தாள் கொண்டு ஒட்டாதீர்கள், எழுத்தின் மேல் பேனாவால் எழுதாதீர்கள், எறிந்தும் விடாதீர்கள். எஞ்சிய துண்டு எவ்வளவாயினும் அதை விண்ணப்பத்தின்போது திணைக்களம் கேட்கலாம். நனைந்த தாளைச் சூடுகாட்டாமல், இரண்டு வெள்ளைத் துணிகளுக்கிடையே வைத்து நிழலில் உலர்த்துங்கள்.

2022-ஆம் ஆண்டில் ஹாக்ஸ்பரி ஆறு பெருகியபோதும், லிஸ்மோர் நகரம் மூழ்கியபோதும் ஆவணங்களை இழந்த குடும்பங்கள் பல. அரசு இயற்கைப் பேரிடர் என்று அறிவித்த நிகழ்வில் சான்றிதழை இழந்தோருக்குக் கட்டணமின்றி மாற்றுச் சான்றிதழ் பெற ஏற்பாடு உண்டு. அதற்குக் காலவரம்பு இருப்பதால் உடனே கேளுங்கள்.

களவு போயிருந்தால் முதலில் காவல்துறையில் முறையிட்டு, அவர்கள் தரும் நிகழ்வு இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டும் சேர்ந்து போயிருந்தால் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு 131 232 என்ற இலக்கத்தில் உடனே அறிவிக்க வேண்டும். அறிவித்தபின் அது இரத்தாகிவிடும். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து கிடைத்தாலும் அதில் பயணம் செய்ய முடியாது. ஆகவே வீட்டை ஒருமுறை நன்றாகத் தேடிவிட்டு அறிவியுங்கள். ஆனால் தேடுவதற்கே வாரங்களைச் செலவிடாதீர்கள். உங்கள் பெயரில் வேறொருவர் கடன் வாங்குவாரோ என்ற ஐயம் இருந்தால் ஐடிகெயர் என்ற அமைப்பை 1800 595 160-இல் அழைத்து இலவச ஆலோசனை பெறலாம்.

இனிக் காப்பது எப்படி?

சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் அழுத்தி ஒட்டும் லாமினேஷன் செய்யாதீர்கள். அமிலமற்ற ஒரு தாளுறையில் மடிக்காமல் வையுங்கள். சாமியறை விளக்குக்கு அருகிலோ சமையலறை அலுமாரியிலோ வேண்டாம். அதில் அச்சிட்டுள்ள இலக்கங்கள் அனைத்தையும் வேறொரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்கும்போது அவை உதவும். சான்றுப்படுத்திய பிரதி ஒன்றை வேறொரு வீட்டில் வாழும் பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள். ஆனால் கடவுச்சீட்டு அலுவலகம் போன்ற இடங்களில் பிரதி மூலத்துக்கு ஈடாகாது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ் வந்தபின் பழையது அகப்பட்டால் அதைப் பயன்படுத்தாமல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

உதவி எங்கே?

குடியுரிமை பற்றிய தகவலுக்கு உள்துறைத் திணைக்களத்தின் இலக்கம் 131 880. ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் முதலில் 131 450-ஐ அழைத்து "தமிழ்" என்று சொல்லுங்கள். தேசிய மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையினர் தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்து, திணைக்களத்துடன் பேச வைப்பார்கள். அருகில் பிள்ளைகள் இல்லாவிட்டாலும் நீங்களே உங்கள் அலுவலைப் பேசிக்கொள்ளலாம். நகரசபையால் சான்றிதழ் தர இயலாது. ஆயினும் நூலகக் கணினியில் விண்ணப்பத்தைத் திறக்கவும், சமாதான நீதவான் இருக்கும் நேரத்தை அறியவும், எந்த ஆவணம் எதற்கு என்று விளங்கிக்கொள்ளவும் நாங்கள் உதவுவோம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்றிரவு உங்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் சான்றிதழும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வயதான பெற்றோரிடம் கோபமின்றிக் கேளுங்கள். தொலைந்துவிட்டது என்று அவர்கள் சொன்னால் கடிந்துகொள்ளாமல், இந்த வாரமே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். அவசரம் எதுவுமில்லாத நாளில் செய்தால், இது சில தாள்களும் சிறிது பொறுமையும் வேண்டும் அலுவல்தான்.

உங்கள் வினாக்களை இனிக் கேட்கலாம்.